கொடுத்தவர் பெயர் பையில் இருக்காது

கேள்வி: பிரசவத்தின்போது உதிரப்போக்கு நிற்காமல் எனக்கு நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். இப்போது மகளுக்கு ஐந்து மாதம். ரத்தம் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், சொல்ல முடியாது என்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்யாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சொல்ல மாட்டார்கள் அம்மா, சொல்லவும் கூடாது. பையின் மேல் ரத்த வகை, எண், எடுத்த தேதி எல்லாம் இருக்கும். கொடுத்தவர் பெயர் மட்டும் இருக்காது. கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பழத்தட்டும் வேட்டியுமாகப் போய் நின்றால் அந்த மனிதர் கூச்சத்தில் நெளிவார். பணம் என்ற பேச்சே கூடாது. காசு வாங்கிக்கொண்டு ரத்தம் தருவதை 1998 ஜனவரியிலிருந்தே நம் நாட்டில் தடை செய்தாயிற்று.

வாங்கிய இடத்திலேயே, ரத்தமாகவே கட்டிவிடுங்கள். ஆனால் இப்போது முடியாது. பிரசவமாகி ஓராண்டு, ரத்தம் ஏற்றி ஓராண்டு, அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கும்வரை உங்களிடம் எடுக்க மாட்டார்கள். பிறகும் எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நம் பெண்கள் பலர் இடறுவது இங்கேதான். நானே ஒருமுறை 11.8 என்று திருப்பி அனுப்பப்பட்டேன். அவர்கள் நீட்டிய பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்ததுதான் மிச்சம். அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் தூங்க விடாதீர்கள். உங்கள் முதல் தவணை அதுதான்.

அதுவரை வீட்டு ஆண்கள் இருக்கிறார்களே! ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம் (பெண்களுக்கு 120 நாள்). கணவரையும் தம்பியையும் மே மாதத்தில் அனுப்புங்கள். கல்லூரிகளுக்கு லீவு விட்டதும் முகாம்கள் குறைந்து, ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் காலியாகத் தொடங்கும் சமயம் அது. மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்கவும் வழியில்லை. சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள் தாங்கும், தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாள்தான். இருவரும் ஒரே நாளில் போகாமல், ஒருவர் போய் ஒரு மாதம் கழித்து இன்னொருவர் போகட்டும். உங்களுக்கு அன்றைக்கு ஏற்றியதும், சில நாட்களுக்கு முன் யாரோ, யாருக்கென்று தெரியாமல் கொடுத்துவிட்டுப் போனதுதானே?

தம்பிக்கு ஊசி என்றால் பயமா? மகளைத் தூக்கிக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.