மேடா, பள்ளமா? சில்லறைக் காசு கேள்வி பதில்

போன தடவை "உங்கள் கையிலிருக்கும் காசில் அச்சு வேறுபாடு இருக்கலாம், படம் எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதினாலும் எழுதினேன், திருகோணமலையில் கல்லாப்பெட்டி எல்லாம் கவிழ்ந்துவிட்டது போலிருக்கிறது. அச்சு என்றால் காசில் படம் பதிய அடிக்கும் உருக்கு முத்திரை. பாதிப் பேருக்கு ஒரே பதில்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசில் தெரிவது மேடாக இருந்தால் அச்சைச் சந்தேகியுங்கள். பள்ளமாக இருந்தால், காசு வெளியே வந்தபின் பட்ட காயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நூற்றில் தொண்ணூறு படங்களுக்கு இது போதும்.

உப்புவெளித் தம்பி: பதினொரு பக்கப் பத்து ரூபாக் காசில் விளிம்பிலிருந்து நடுச்சின்னம் வரை மயிர் போல ஒரு கோடு. நகத்தில் தட்டுப்படுகிறது.

நகத்தில் தட்டுப்பட்டால் நல்ல சகுனம். இது அச்சு வெடிப்பு. அச்சு ஆயிரக்கணக்கான தடவை அடிவாங்கும்போது மெல்லியதாக வெடிக்கும். அடுத்த அடியில் உலோகம் அந்த வெடிப்புக்குள் ஏறும், காசில் மேடாக வரும். கோடு வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து, எழுத்தின் மேலும் வெற்றிடத்திலும் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கீறல் என்றால் நேராக ஓடும், நடுவில் பள்ளம் இருக்கும், இரண்டு பக்கமும் உலோகம் வரப்புக் கட்டியிருக்கும்.

வெடிப்பு முற்றி விளிம்போரமாக அச்சில் ஒரு துண்டே உடைந்து விழுந்தால், காசில் அந்த இடம் எழுத்தில்லாத வெறும் கட்டியாக வரும். அப்படி ஒன்று கிடைத்தால் உடனே திருப்பிப் பாருங்கள். கட்டிக்கு நேர் பின்னால் மறுபக்கப் படம் மங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் உலோகம் எல்லாம் இந்தப் பக்கம் போய்விட்டது. மங்கவில்லை என்றால் யாரோ ஈயம் ஒட்டியிருக்கிறார்கள்.

சீனக்குடா: எழுத்தெல்லாம் தடித்து ஊதிப்போய் இருக்கிறது.

அச்சுத் தேய்ந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

நிலாவெளித் தங்கச்சி: மஞ்சள் ஐந்து ரூபாக் காசில் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. மேடுதான் அண்ணை!

மேடுதான், ஆனால் அச்சில்லை. நான் சொன்ன விதிவிலக்கில் ஒன்று இது. 2005இல் வந்த புதிய வரிசையில் மஞ்சள் ஐந்து ரூபா உள்ளே உருக்கு, மேலே பித்தளைப் பூச்சு. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டும். 1984இல் வந்த பழைய ஐந்து ரூபா நிக்கல் பித்தளை, அது ஒட்டாது. பூச்சுக்கும் உருக்குக்கும் இடையில் காற்று அடைபட்டால் ஆலையிலேயே கொப்புளம் வரும். நம்மூர் உப்புக்காற்றில் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலே போதும், உள்ளே துரு கிளம்பித் தோலைத் தூக்கிவிடும். கொப்புளத்தின் உச்சியில் செம்பழுப்புப் புள்ளி தெரிந்தால் துருதான்.

அப்புறம், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேசிக்காயும் வேண்டாம், பித்தளைப் பொலிஷும் வேண்டாம். தேய்த்த காசை எந்தச் சேகரிப்பாளரும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

திருக்கடலூர்: காசைக் கீழிருந்து மேலாகப் புரட்டினால் மறுபக்கம் தலைகீழாக இருக்கிறது. பிழைக்காசா?

இல்லை. இலங்கைக் காசைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அமெரிக்கக் காசைத்தான் கீழிருந்து மேலாகப் புரட்ட வேண்டும். பக்கவாட்டில் திருப்பியும் படம் நன்றாகச் சரிந்து நின்றால் எழுதுங்கள். இதே கேள்வியை இன்னும் ஆறேழு பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் இதுதான் பதில்.

உவர்மலையிலிருந்து ஒரு மாஸ்டர்: "இலங்கை" என்ற சொல்லின் கீழ்ப்பக்கம் இரட்டையாகத் தெரிகிறது. இது இரட்டை அச்சுத்தானே?

படம் தெளிவாக இருந்தது மாஸ்டர், அதற்கே ஒரு நன்றி. ஆனால் இரட்டை அச்சு இல்லை.

அச்சைச் செய்யும்போது மூல முத்திரையை உருக்குக் கட்டையில் அழுத்துவார்கள். ஒரே அழுத்தில் படம் முழுதாக இறங்காது என்பதால் முன்பெல்லாம் இரண்டு மூன்று தடவை அழுத்துவது வழக்கம். இரண்டாம் தடவை இம்மி விலகினாலும் எழுத்து அச்சிலேயே இரட்டித்துவிடும். பிறகு அந்த அச்சில் அடிக்கும் காசு அத்தனையிலும் அதே இரட்டிப்பு அதே இடத்தில் வரும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சதத்தில் நடந்தது அதுதான். ஆண்டும் எழுத்தும் கண்ணாடி இல்லாமலே இரண்டாகத் தெரியும்.

உங்கள் காசில் நடந்தது வேறு. இயந்திரத்தில் அச்சு இறுக்கமாக இல்லாமல், அடித்த கையோடு சற்று நகர்ந்து எழுத்தின் ஓரத்தைச் சப்பையாக்கியிருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள். இரண்டாவது எழுத்து தட்டையாக, தாழ்வாக, பளபளவென்று ஒரு படிக்கட்டு மாதிரி கிடக்கும். அந்தப் படி எழுத்திலிருந்தே வெட்டப்பட்டது, ஆகவே எழுத்து மெலிந்திருக்கும். உண்மையான இரட்டை அச்சில் எழுத்து தடிக்கும், இரண்டு உருவமும் உருண்டு திரண்டு நிற்கும், ஆங்கில எழுத்துகளின் மூலைகள் பிளந்திருக்கும். நம் தமிழெழுத்தில் அந்த மூலை இல்லாததால் எப்போதும் பக்கத்திலுள்ள ஆங்கிலத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மாஸ்டர் மறுபடியும்: அதுவும் காசடிக்கும் இடத்தில் நடந்த பிழைதானே? இதை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள்?

அடிக்கும்போது நடந்தது அந்தந்தக் காசோடு முடிந்துவிடும். அச்சு வேறுபாடு என்பது அச்சின் மேல் இருப்பது. நான் கேட்பது அந்த ஒன்றுதான்.

கிண்ணியா நானா இடையில் புகுந்து: என்னிடமும் அதே ஆண்டுக் காசு, அதே இரட்டிப்பு! இரண்டு காசில் ஒரே மாதிரி என்றால் அச்சுத்தானே?

இன்றைக்கு வந்ததில் உருப்படியான கேள்வி இதுதான் நானா. இரண்டாவது காசைத் தேடுவதுதான் சரியான வழி. ஆனால் தளர்ந்த அச்சு அடுத்தடுத்து அடிக்கும் காசுகளிலும் கிட்டத்தட்ட ஒரே பக்கம்தான் நகரும். அதனால் "கிட்டத்தட்ட" போதாது. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே சரிவில் வைத்து எடுங்கள் என்றேன், எடுத்தீர்கள். மாஸ்டரின் காசில் சொல் முழுக்கப் படி விழுந்திருக்கிறது. உங்களுடையதில் முதல் எழுத்தின் வால் மட்டும். ஒரே அச்சு என்றால் இப்படி மாறாது.

மாஸ்டர் மூன்றாம் தடவை: கொழும்பில் ஒருவர் இதே போன்றதை இரட்டை அச்சு என்று நல்ல விலைக்கு விற்றிருக்கிறார்.

விற்றவர் கெட்டிக்காரர். வாங்கியவருக்காக வருத்தப்படுகிறேன். நீங்கள் அந்தக் காசை வைத்திருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. உறையில் மட்டும் சரியான பெயரை எழுதுங்கள். இப்போது பல நாடுகளில் ஒரே அழுத்தில் அச்சை முடித்துவிடுவதால் பெரிய இரட்டிப்பு வருவதே அரிது. வந்தாலும் படத்தின் நடுவில் கடுகளவுதான் வரும். இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

கன்னியா: விளிம்பில் பிறை வடிவில் கடித்த மாதிரி இருக்கிறது.

கடிக்கு நேரெதிர் விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மேடு மங்கியிருந்தால் வில்லை, அதாவது படம் அடிக்குமுன் உள்ள வெறும் தகடு, வெட்டும்போதே வந்த குறையாக இருக்கலாம். எதிர்ப்பக்கம் கூர்மையாக இருந்தால் அரம் வைத்தவரைத் தேடுங்கள்.

தம்பலகாமம்: சென்னைக்குப் போய்வந்தபோது கிடைத்த இந்தியப் பத்து ரூபாயில் ஒன்றில் 10 கதிர்க்கோடு, ஒன்றில் 15. எது போலி?

இரண்டும் நல்ல காசு. ரூபாய்க் குறி உள்ளதில் 10 கோடு, இல்லாததில் 15. வடிவத்தையே மாற்றினார்கள், அச்சு வேறுபாடு அல்ல. கோட்டை எண்ணுவதை விட்டு ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா.

அலஸ்தோட்டம் ரீச்சர்: லண்டன் தம்பி கொடுத்த இருபது பென்ஸில் ஆண்டே இல்லை.

ரீச்சர், அதைப் பத்திரப்படுத்துங்கள்! 2008இல் புதிய வடிவம் வந்தபோது ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து ராணி தலைப்பக்கத்துக்கு மாற்றினார்கள். கொஞ்சக் காசுகளில் பழைய தலைப்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் சோடி சேர்ந்துவிட்டன, ஆண்டு எங்குமே விழவில்லை. பின்பக்கம் கேடயத் துண்டாக இருந்தால்தான் இந்தக் கதை. பழைய ரோசாப்பூ என்றால் படம் அனுப்புங்கள், தேய்த்து அழித்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். புளி போடவில்லையே?

பெயரில்லாமல் ஒருவர்: பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் செய்தி வந்தது, முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள். இந்திய ரிசர்வ் வங்கியே தன் பெயரில் இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021இல் எச்சரித்தது.

மூதூர்: மிளகாய்ப் பாத்தியில் தடித்த செம்புக்காசு. மேலே ஆங்கில டி, கீழே பின்னிய எழுத்து.

இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் ஐயா? பின்னிய எழுத்து வி, ஓ, சி என்றால் அது ஒல்லாந்தக் கம்பனியின் ஸ்டைவர். மேலே உள்ள டி திருகோணமலையைக் குறிக்கும். கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்வரை இந்தக் காசை அடித்தார்கள். கையால் வெட்டிய அச்சு, கையால் அடித்த காசு. டி ஒன்றில் சாய்ந்திருக்கும், ஒன்றில் பாதி வெளியே போயிருக்கும். அச்சு வேறுபாடு படிக்க விரும்புபவருக்கு இதைவிடப் பள்ளிக்கூடம் கிடையாது. மண்ணைத் தண்ணீரில் ஊறவிட்டு எடுங்கள், சுரண்ட வேண்டாம். நிலத்தில் கிடைத்தது என்பதால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அது சட்டம். அதற்குமுன் இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

மீதி பதினாறு பேர்: இதன் விலை என்ன?

பத்து ரூபா.