கடற்கரையைச் சுத்தம் செய்தாலும் மறுவாரமே பழையபடி ஆகிவிடுகிறதே, தொடர்வதா விடுவதா?

உங்கள் கேள்வி இதுதான்: கடலோரச் சுற்றுலா ஊர், மாதம் ஒரு ஞாயிறு நண்பர்களோடு சேர்ந்து குப்பை பொறுக்குகிறீர்கள், அடுத்த வாரமே எல்லாம் பழையபடி, ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், இனியும் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு ஊருக்கு வரும்போது மனசு கேட்காமல் ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விடாதீர்கள். ஆனால் பொறுக்குவதோடு நிறுத்தினால் ஊர் உங்களைச் சம்பளமில்லாத துப்புரவு ஆளாகத்தான் பார்க்கும். குப்பை எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் கையிலிருந்து விழுகிறது என்று பார்த்து அங்கே போய் நிற்க வேண்டும். அந்த இடத்தை நம்பி யார் வீட்டில் உலை கொதிக்கிறதோ அவர்களைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் ராமேஸ்வரம். கோயிலுக்குக் கிழக்கே எங்கள் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு சங்குக் கடை. அக்னி தீர்த்தம் கடையிலிருந்து கூப்பிடு தூரம். வராதவர்களுக்குச் சொல்கிறேன், அது குளம் இல்லை, கடலேதான். அதில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தத்திலும் குளிப்பார்கள். தர்ப்பணம், பரிகாரம் என்று வருகிறவர்களில் பலர் உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். பாவம் துணியோடு போய்விடும் என்ற நம்பிக்கை. ஆடி அமாவாசை, தை அமாவாசை கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு துணி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே அலை ரொம்பக் குறைவு. அதனால் போட்ட துணி ஆழ்கடலுக்குப் போகாது, இடுப்பளவு தண்ணீரில் குளிக்கிற இடத்திலேயே படிந்துவிடும். ஒரு சேலை கொஞ்ச நாள் கிடந்தால் மடிப்புக்குள்ளெல்லாம் மண் ஏறிவிடும், முந்தானை மட்டும் மேலே ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் வராது, கிழியும். ஒருவர் குனிந்து கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் மெதுவாக உருவ வேண்டும். வெளியே வந்த பிறகு அந்தக் கனத்தைக் கரைக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். பருத்தி வேட்டியாவது நாளானால் மக்கும். இப்போது பரிகாரத்துக்கென்றே வாங்கிவருகிற மலிவுத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர், அது பிளாஸ்டிக்தானே. நூல் நூலாகப் பிரிந்து கடலிலேயே கிடக்கும். வயதான ஒரு அம்மா காலில் துணி சுற்றித் தண்ணீருக்குள் விழுந்ததை நானே பார்த்தேன், பக்கத்தில் ஆள் இருந்ததால் தப்பித்தார். படகின் புரொப்பல்லரில் சுற்றினால் இஞ்சினை நிறுத்திவிட்டு ஆள் கடலில் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கும் வெளியிலிருந்து குழுக்கள் வருவார்கள். ஒரே நிறத்தில் டீ சர்ட், கையுறை, பேனர். நல்ல பிள்ளைகள்தான், வெயிலில் உண்மையாகவே பாடுபடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாயங்காலம் ரயில் ஏறிவிடுவார்கள். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அடுத்த பஸ் கூட்டம் தண்ணீரில் இறங்கும்போது அங்கே இருப்பது யார்? சங்கல்பம் செய்து வைக்கிற புரோகிதர், ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், என்னைப் போன்ற சங்குக் கடைக்காரர்கள். யாத்ரீகர் காதில் விழுவது எங்கள் பேச்சுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இரண்டு ஆட்டோ அண்ணன்கள், மீன் விற்கிற ஒரு அக்கா, நான் என்று எங்கள் கூட்டம் அப்படித்தான் சேர்ந்தது. அறிவிப்புப் பலகை வைத்தால் யாரும் படிப்பதில்லை. ஈரத்தோடு, குளிரில், பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் பலகையா படிப்பார்கள்? ஆசிரியர்தான் எங்கள் தெருவில் இருக்கிற மூத்த புரோகிதரிடம் போய்க் கேட்டார்: "சாமி, துணியைக் கடலில் விட வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்புகிறீர்களா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் ஏன் சொல்றேன்? பழைய துணின்னா யாராவது ஏழைக்குக் கொடுங்கோன்னுதான் சொல்லுவேன். ஒருத்தர் போட்டதைப் பார்த்து இன்னொருத்தர் போடறா" என்றார். அப்படியானால் அதையே தர்ப்பணம் முடிந்ததும் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள், துணியைக் கரையில் வைக்கிற தொட்டியில் போடச் சொல்லுங்கள் என்று கேட்டோம். சரி என்றார்.

அந்த ஒரு வரிதான் வேலை செய்தது. நான் சொன்னால் "நீ யார்" என்று பார்க்கிறவர்கள், அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் தொட்டியைத் தேடுகிறார்கள். வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு மீன்கார அக்கா தண்ணீர் ஓரத்திலேயே நின்று "கப்டா பானி மே நஹி, உதர், உதர்" (துணி தண்ணீரில் இல்லை, அங்கே, அங்கே) என்று கை காட்டுவார். அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது. எல்லாப் புரோகிதர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு எதற்கு இந்த வேலை" என்றவர்களும் உண்டு. அமாவாசை அன்று இன்றும் கடலில் துணி விழத்தான் செய்கிறது. ஆனால் சாதாரண நாட்களில் எங்கள் பக்கத்துப் படித்துறையில் காலில் துணி மாட்டாமல் குளித்துவிட்டு வர முடிகிறது. முன்பு அது முடியாது.

இதைப் படித்துவிட்டு பக்தியைக் கேலி செய்கிறான், இந்துக்கள் வழக்கத்தில் மட்டும்தான் குறை கண்டுபிடிப்பான் என்று கமென்டில் யாராவது வருவார்கள். என் அப்பாவுக்கு அதே கடலில்தான் நான் தர்ப்பணம் கொடுக்கிறேன். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறவன் என்பதால்தான் அதில் அழுக்குத் துணி கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நகராட்சி செய்ய வேண்டிய வேலையை நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்பவர்களுக்கும் ஒன்று: துப்புரவுப் பணியாளர்கள் தினமும் வண்டி வண்டியாக அள்ளத்தான் செய்கிறார்கள், விழுவதை நிறுத்துவது அவர்கள் கையில் இல்லை.

எங்கள் தீவிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்கள், மூச்சைப் பிடித்து முங்கி எடுப்பவர்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது என்று தாங்களாகவே பேசி முடிவு செய்தார்கள். பாசி வளர வேண்டும், பவளப்பாறை உடையக் கூடாது என்பது அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா வந்த பிறகு, அங்கே பாசி எடுக்கக் கூடாது என்ற தடையால் அடிபட்டவர்களும் இவர்கள்தான். 2015-ல் அந்தப் பெண்களின் தலைவி ஒருவருக்கு அமெரிக்காவில் சீகாலஜி விருது கிடைத்தது, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற விருது அது. அதிகாரி போட்ட சட்டத்துக்குக் கண் தப்பினால் போதும் என்றிருக்கிற அதே கடற்கரையில், இவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு நிற்கிறது.

விவேகானந்த கேந்திரம் கிரீன் ராமேஸ்வரம் என்ற திட்டத்தில் கோயிலுக்கு வெளியே தூர்ந்து கிடந்த தீர்த்தங்களைச் சுத்தம் செய்ததையும் சொல்ல வேண்டும். பலருக்கு அது பக்திக் காரியமாக மட்டும் தெரியும். இது மணல் தீவு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது, நாங்கள் இறைத்துக் குடிக்கிற நல்ல தண்ணீர் அதுதான். அளவுக்கு மேல் உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். தீர்த்தம் திறந்து கிடந்தால்தான் மழை உள்ளே இறங்கும்.

உறிஞ்சுவது யார் என்று கேட்டால் மனசு கொதிக்கிறது. 2017-ல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ரோடும் பேய்க்கரும்பில் கலாம் அய்யா நினைவிடமும் வந்த பிறகு ஊருக்குக் கூட்டம் கூடியது, சந்தோஷம், எனக்கும் வியாபாரம்தான். ஆனால் நாங்கள் வருஷக்கணக்காகக் குடியிருந்த வாடகை வீட்டை ஓனர் காலி செய்யச் சொன்னார். மாத வாடகையை நாள் வாடகையில் எடுத்துவிடலாமாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு தீவிலேயே தள்ளியிருக்கிற தங்கச்சிமடத்துக்குப் போனோம், இப்போது கடை திறக்க அங்கிருந்து தினம் வந்து போகிறேன். வீட்டைக் கேட்டது அவர் உரிமை, சண்டை போடவில்லை. நாங்கள் நாலு பேர் இருந்து புழங்கிய அந்த வீட்டில் இப்போது அறைக்கு அறை பாத்ரூம், ஒரே போர்வெல். ஊரைச் சுத்தம் செய்கிறவன் ஊருக்குள்ளே குடியிருக்க முடியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுத வந்ததும் வந்துவிட்டது.

உங்கள் ஊரில் துணிக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கும். பேப்பர் கப்பா, பாட்டிலா, கிழிந்த வலையா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்காமல் ஒன்றை மட்டும் எடுங்கள். அது கையில் கொடுக்கப்படுகிற இடத்தில் சில நாள் காலையில் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும், வந்த ஆட்கள் யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். போட்டிங் ஆளாக இருக்கலாம், சுண்டல் விற்கிற பாட்டியாக இருக்கலாம். அவரிடம் போய்ப் பேசுங்கள், கேமராவோடு போகாதீர்கள். அப்புறம், தொட்டி வைப்பதற்கு முன்னால் அதைத் தினமும் யார் காலி செய்வது என்று நகராட்சி வார்டு மேஸ்திரியிடம் பேசி முடித்துவிடுங்கள். நிரம்பிய தொட்டி ஒரு ராத்திரி அப்படியே நின்றால் மறுநாள் ஜனங்கள் அதன் பக்கத்திலேயே போட ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு அந்தத் தொட்டியையே எடுக்கச் சொல்லிக் கடைக்காரர்கள் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.