முன் சீட்டுக்காகக் காத்திருந்தது

தம்பி, லண்டன் வந்து மூன்று மாதமாகிறது, ஆட்டிசம் உள்ள 6 வயது மகனை வெளியே கூட்டிப்போகவே பயமாக இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். நாங்களும் ஈஸ்ட் ஹாம்தான், வந்து 14 வருடம். என் மகனுக்கும் ஆட்டிசம். தீம் பார்க்கெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பஸ் பிடித்து பெக்டன் போய் டிஎல்ஆர் என்ற, தானாக ஓடும் உள்ளூர் ரயிலில் ஏறுங்கள்.

அதில் ஓட்டுநர் அறை கிடையாது. முன் சீட்டில் உட்கார்ந்தால் தண்டவாளம் முழுக்கக் கண்ணுக்கு நேரே ஓடிவரும். ரயில் பெக்டனில்தான் புறப்படுகிறது என்பதால் அந்த இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். 11 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு, பெரியவர் கூட வந்தால் கட்டணமும் இல்லை.

ஒருநாள் வேறொரு சிறுமி முந்திக்கொண்டாள். மகன் தரையில் புரண்டு அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி, 'முதலில் காத்திருப்போம், அப்புறம் முன் சீட்' என்று இரண்டு படம் வரைந்த அட்டையைக் கையில் கொடுத்தேன். அடுத்த ரயிலில் சீட் கிடைத்தது. சில மாதம் கழித்து இதேபோல் நடந்தபோது அவனே என் பையைத் துழாவி அந்த அட்டையை எடுத்தான்! வீட்டில் எத்தனையோ முறை சொல்லியும் வராதது அது.

பெக்டனுக்கு அடுத்து நான்காவது நிலையம் ராயல் ஆல்பர்ட். இறங்கினால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிட்டி ஏர்போர்ட் ஓடுபாதை. காதை மூடும் ஹெட்ஃபோன் கட்டாயம் கொண்டுபோங்கள். சனி மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை அங்கே விமானம் கிடையாது; அது தெரியாமல் ஒரு ஞாயிறு காலையில் போய் அவனை ஏமாற்றிவிட்டேன், இன்னும் வருத்தம்தான். அங்கேதான் ஒருமுறை என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, விமானத்தை விரலால் காட்டினான். அதுவரை வேண்டியதைக் கேட்கத்தான் கை நீட்டுவான். 'நீயும் பார்' என்று காட்டியது அன்றுதான் முதல்முறை.

முதல் நாள் இரண்டு நிலையம் போதும். உங்கள் மகன் சந்தோஷமாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அதே இடத்துக்கே வாராவாரம் போங்கள், சலிக்காது. பழகிய பிறகு சயின்ஸ் மியூசியம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகச் சில நாள் கூட்டம் வருவதற்கு முன்பே திறக்கிறார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். சத்தத்தைக் குறைத்து, விளக்கை முழுதாக அணைக்காமல் படம் போடும் காட்சிகளும் சினிமா தியேட்டர்களில் உண்டு.

சனி காலை நாங்கள் பெக்டனில்தான் இருப்போம். பிள்ளையோடு வாருங்கள்.