கடை வாசல் கேள்வி-பதில்: கிளட்ச் கேபிள் கடிதங்கள்

பாலக்காடு மாவட்டத்துத் தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில் இருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பைக் சம்பந்தப்பட்டவை, அதிலும் கிளட்ச் கேபிள். எனவே மிக்ஸி, மெத்தை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுக்கவும்.

கே: ஸ்பிளெண்டர், ஏழு வருட வண்டி. லீவர் பக்கம் கிளட்ச் ஒயரில் இரண்டு மூன்று இழை பிரிந்து நிற்கிறது. வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்கிறான் நண்பன். அம்மா வேண்டாம் என்கிறார். – கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

ப: மாற்றலாம் தம்பி. ஆனால் இழை பிரிந்த ஒயரோடு இனிமேல் ஓட்ட வேண்டாம். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் முன்னால் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நிற்கிறீர்கள், அந்த நேரம் அறுந்தால் வண்டி முன்னால் துள்ளும். அம்மா பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

முதலில் புது கேபிளை வாங்கி வையுங்கள், பிறகு பழையதைக் கழற்றுங்கள். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஓடாத வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் போதாது, வருடத்தையும் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது பல வண்டிகள் பெயர் மாறாமல் உள்ளே மாறின. ஆர்.சி. புத்தகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனால் வாக்குவாதமே இல்லை.

கழற்றும் முன், பழைய கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். லீவரின் ரப்பரை விலக்கி, லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகுங்கள். எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரையும் தளர்த்துங்கள். அட்ஜஸ்டர், லாக் நட், லீவர் தாங்கி எல்லாவற்றிலும் ஒரு வெட்டு இருக்கும். அவற்றை ஒரே கோட்டில் கொண்டுவந்தால் ஒயர் வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள், வெட்டு இன்னும் நேராகவில்லை என்று அர்த்தம். பழைய கேபிளின் மேல் முனையில் ஒரு சணல் கயிற்றைக் கட்டிவிட்டுக் கீழே இழுத்தால், புதியது போகவேண்டிய வழியில் கயிறு நிற்கும்.

மாட்டும்போது ஒயர் முனையில் இருக்கும் உலோகக் குமிழுக்கு, அதாவது நிப்பிளுக்கு, கொஞ்சம் கிரீஸ். பெரிய சரிசெய்தல் கீழே எஞ்சின் பக்கத்தில், சின்னது மேலே லீவர் பக்கத்தில். இந்த மாதிரி வண்டிகளுக்குப் பொதுவாக லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது கிளட்ச் இழுபடும் முன் லீவர் சும்மா நகரும் தூரம், வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவே கடைசி. ப்ளே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும், ஆக்ஸிலரேட்டர் ஏறும், வண்டி ஏறாது. அதிகம் விட்டால் கியர் முரண்டும், நியூட்ரல் கிடைக்காது. ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயும் கேபிள் இழுபடக்கூடாது. புது ஒயர் கொஞ்சம் அமரும், அதனால் சில நாள் கழித்து ப்ளேயை இன்னொரு முறை பாருங்கள்.

கே: “எல்லா மாடல்களுக்கும் பொருந்தும்” என்று ஆன்லைனில் ஒரு கிளட்ச் கேபிள், பாதி விலை. வாங்கலாமா? – சித்தூர் வாசகர்

ப: வேண்டாம். நானும் ஒருமுறை “எல்லா வண்டிக்கும்” என்று ஒரு சீட் கவர் வாங்கினேன். என் வண்டியைத் தவிர தெருவில் இருந்த எல்லா வண்டிக்கும் பொருந்தியது.

கே: கியர் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். சர்வீஸ் விட்ட இடத்தில் “கிளட்ச் கேபிள், கூலி” என்று தனியாக 630 ரூபாய் பில்லில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் ஏதோ தப்பு என்கிறார்கள். எனக்கு வண்டி விவரம் தெரியாது. – தையல் தொழில் செய்பவர், வேலந்தாவளம்

ப: அம்மா, உங்கள் வீட்டில் சொல்வது சரி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் கேபிள் என்று ஒன்று கிடையாது. எஞ்சின் வேகம் கூடும்போது கிளட்ச் தானாகப் பிடிக்கும். உள்ளே கிளட்ச் ஷூ உண்டு, கையால் இழுக்க ஒயர் இல்லை. இடது லீவர் பின் பிரேக்குக்கு. பிரேக் கேபிளை மாற்றிவிட்டுப் பெயரை மாற்றி எழுதியிருக்கலாம் என்று அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுப்போம். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாய்மொழியாக அல்ல, வாட்ஸ்அப்பிலாவது எழுதி.

மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அங்கும் தீராவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். உங்களுக்கு வண்டி தெரியாது என்பது குற்றமில்லை. தெரியாது என்று பார்த்து எழுதினார்களே, அதுதான் குற்றம். நீங்கள் பில் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், அதனால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

கே: கேபிள் அறுந்ததும் சைக்கிள் கடையில் ஒரு ஸ்க்ரூ நிப்பிள் போட்டுத் தந்தார்கள். நான்கு மாதமாக ஓடுகிறது. இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? – கோவிந்தாபுரம் வாசகர்

ப: வீடு போய்ச் சேரும் வரை. அதற்குத்தான் அது. நான்கு மாதம் தாங்கியதைப் பெருமையாக எழுதுகிறீர்கள், இருநூறு ரூபாய்ச் சாமான் வாங்க அந்த நான்கு மாதத்தில் நேரம் கிடைக்கவில்லையா?

கே: பொள்ளாச்சியில் கவர் இல்லாமல் ஒரு கேபிள் வாங்கினேன், “கம்பெனி சாமான், நம்பி எடுத்துட்டுப் போங்க” என்றார். நீளம் பத்தவில்லை. திருப்பினால், “கேரளா வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல, பில்லும் இல்ல” என்கிறார். பில் போட்டால் வரி கூடும் என்று அவர்தான் அன்றைக்குச் சொன்னார். – விவசாயி, எருத்தேன்பதி

ப: இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் “தமிழ்நாட்டில் வாங்கியதா, அங்கேயே போ”, அந்தப் பக்கம் “கேரளாக்காரரா, அங்கேயே போ”. நடுவில் நிற்பவர் பணம் மட்டும் எந்த எல்லையிலும் நிற்பதில்லை.

முதலில் வரி. கவர் மேல் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. பில் போட்டாலும் அதுதான், போடாவிட்டாலும் அதுதான். வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தும் இருக்கிறது. “பில் போட்டால் கூடும்” என்றால், அவர் வாங்கும் வரி அரசுக்குப் போகவில்லை என்று அவரே சொல்கிறார்.

இரண்டாவது, 200 ரூபாய்க்குக் கீழே வாங்குபவர் கேட்காவிட்டால், கடைக்காரர் தனி பில் தராமல் நாள் முடிவில் மொத்தமாக ஒரு பில் போட்டுக்கொள்ள ஜிஎஸ்டி சட்டம் இடம் தருகிறது. கிளட்ச் கேபிள் பெரும்பாலும் இந்த விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆகவே வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்ட பிறகு மறுக்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராததையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்று சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது.

மூன்றாவது, எல்லை. அதே சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொள்ளாச்சிக் கடை மேல் பாலக்காட்டில் புகார் செல்லும். இதை மட்டும் கடைக்காரரிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், குரல் இறங்கும்.

பணம் போனில் அனுப்பினீர்களா? அந்தப் பதிவு பணம் கொடுத்ததற்குச் சாட்சி, எதை வாங்கினீர்கள் என்பதற்கு அல்ல. கவர் இல்லாத சாமானில் தயாரித்தவர் பெயர் இல்லை, மாதம் வருடம் இல்லை, விலை இல்லை. எதைக் காட்டி வாதாடுவது? இந்தப் பில் விஷயத்தில் நானும் சூடு பட்டவன்தான். பில் இல்லாத மிக்ஸி ஒன்று புகைந்தபோது, “எங்க கடையில வாங்கினதா?” என்று சிரித்த முகமாகவே கேட்டார்கள்.

கே: புது கேபிள் மாட்டி ஒரே மாதத்தில் மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. டூப்ளிகேட்டா? – மீனாட்சிபுரம் வாசகர்

ப: இருக்கலாம். ஆனால் கடையில் சண்டை போடும் முன் லீவரைப் பாருங்கள். நிப்பிள் அதன் குழியில் சுழல வேண்டும். குழி தேய்ந்தோ துருப்பிடித்தோ நிப்பிள் சிக்கினால், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒயர் அதே இடத்தில் மடிந்து அறும். எந்தக் கம்பெனி கேபிளும் தாங்காது. லீவர் போல்ட்டில் ஆட்டம் இருந்தாலும் இதே கதை. இரண்டும் சரியாக இருந்தால் கடைக்குப் போங்கள், பில்லோடு.

கே: அப்பா கேபிளுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார். நல்லதா? – மீண்டும் கொழிஞ்சாம்பாறை

ப: தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி காலையில் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். கேபிளுக்கு மெல்லிய மெஷின் ஆயில் போதும். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கேபிள் என்றால் கவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு விடுங்கள், பலவற்றுக்கு எண்ணெயே வேண்டாம்.