கரை உடைந்த இடம்: வாசகர் கேள்வி – பதில்

தை பிறந்த பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. எடுத்த தீர்மானம் நிற்கவில்லை என்றும், தன் மனத்தைத் தானே பார்ப்பது எப்படி என்று தெரியவில்லை என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த ஐந்து கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 38. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியன்று, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது, நடைப்பயிற்சி, பிள்ளைகளைத் திட்டாமல் இருப்பது, தினமும் பத்துப் பக்கம் படிப்பது, கைப்பேசியைக் குறைப்பது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். பொங்கலுக்குள் எல்லாம் போய்விடுகிறது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். அந்த 21-ஐ நான் ஒருமுறைகூட எட்டியதில்லை. என் மீது எனக்கே நம்பிக்கை போய்விட்டது. – வாசகி, பாலக்கோடு.

பதில்: சகோதரி, முதலில் அந்த 21 என்ற எண்ணைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அவர் சொன்ன ‘குறைந்தது’ என்ற சொல் நாளடைவில் உதிர்ந்துபோய், கண்ணாடியில் முகம் பார்ப்பதைப் பற்றிய ஒரு மருத்துவரின் கவனிப்பு, எல்லாப் பழக்கத்துக்குமான சட்டம்போல ஊரெல்லாம் பரவிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். உங்களுக்கு வேண்டிய செய்தி அதே ஆய்வில் இன்னொன்று இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பழக்கம் அமைவதில் அதனால் பெரிய பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை. ஆகவே பத்தாம் நாள் தவறியதால் உங்கள் தீர்மானம் கெடவில்லை. தவறிவிட்டதே என்று நோட்டையே மூடிவைத்தீர்களே, அங்கேதான் கெட்டது.

நம் இரண்டு மாவட்டங்களும் ஏரியை நம்பி விவசாயம் செய்தவை. மழைக்காலத்தில் கரை உடைந்தால், ஊர்ப் பெரியவர்கள் ஏரியைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. எந்த இடத்தில் உடைந்தது, அங்கே நண்டு வளை இருந்ததா, மரத்தின் வேர் அரித்ததா, மாடு இறங்கி இறங்கிக் கரை தேய்ந்ததா என்று குனிந்து பார்ப்பார்கள். உடைந்த தீர்மானத்தை அப்படிக் குனிந்து பார்ப்பதற்குத்தான் அகநோக்கு என்று பெயர். நாம் பெரும்பாலும் அதைச் செய்யாமல், ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்ற ஒரே தீர்ப்போடு எழுந்து போய்விடுகிறோம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், வீட்டில் குரலை உயர்த்திப் பேசுவதில்லை என்று தீர்மானம் எடுத்து, வாரம் ஒரு முறையாவது தவறிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் வருந்துவேன். மறுநாள் மறுபடியும் அதே கதை. பிறகு மளிகைக் கணக்கு எழுதும் நாற்பது பக்க நோட்டின் பின்பக்கத்தில், தவறிய நாள், மணி, இடம், அதற்குச் சற்று முன் நடந்தது ஆகிய நான்கை மட்டும் எழுதத் தொடங்கினேன். வருத்தத்தை எழுதவில்லை. இரண்டு மாதத்தில் பதினோரு பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் வாசற்படியில் நடந்தவை. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு, பேருந்தில் நின்றுகொண்டே வந்து இறங்கியவனிடம், கேஸ் சிலிண்டரைப் பற்றியோ பிள்ளையின் கட்டணத்தைப் பற்றியோ என் மனைவி கேட்டிருப்பார். இதை என் குணக்கேடு என்று பத்து வருடம் நினைத்திருந்தேன். பாதி பசி என்று நோட்டு சொல்லிற்று. வீட்டுக்குள் போவதற்கு முன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி வேர்க்கடலை தின்றுவிட்டுப் போவது என்று அவரிடம் சொல்லிவைத்துச் செய்தேன். மீதிப் பாதி பசியில்லை என்பதும் அதன் பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய இன்னும் பல வருடம் ஆயிற்று.

உங்கள் ஐந்து தீர்மானங்களில் நான்கை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். பிள்ளைகளைத் திட்டாமல் இருப்பது ஒன்று போதும். மற்ற நான்கும் உங்களோடு முடிந்துவிடும், இது இன்னும் இரண்டு உயிர்களைத் தொடுகிறது. முகூர்த்த நாள் நெருங்கும்போது, அவசரமாகத் தைக்கும் ரவிக்கையும் வீட்டுப்பாடச் சந்தேகமும் ஒரே நேரத்தில் வரும்போதுதான் வாய் தவறுகிறது என்று கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கரை உடையும் இடம். ‘கோபப்பட மாட்டேன்’ என்ற தீர்மானத்தை, ‘மிஷினில் இருக்கும்போது பிள்ளை கூப்பிட்டால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகே பதில் சொல்வேன்’ என்று மாற்றி எழுதுங்கள். இன்ன நேரத்தில் இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், பொதுவாக நல்லெண்ணம் மட்டும் கொண்டவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கால் பெடலை விட்டு இறங்குவதற்கு ஆகும் இரண்டு விநாடி உங்களுக்குப் போதும்.

கேள்வி: ஐயா, எடுக்கும் தீர்மானத்தை நண்பர்களிடம் சொல்ல வேண்டுமா, மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமா? – கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி.

பதில்: தம்பி, ஒருவரிடம் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள். ஸ்டேட்டஸில் போட்டு நாற்பது பேர் வாழ்த்திவிட்டால், செய்து முடித்தவருக்குக் கிடைக்க வேண்டிய நிறைவில் ஒரு பங்கு அன்றே கிடைத்துவிடுகிறது, மீதி வேலைக்கு மனம் ஓடுவதில்லை. 1888-ல் லண்டன் புறப்படும் முன் காந்தியடிகள், மது, மாமிசம், மாது மூன்றையும் தொடுவதில்லை என்று தாயார் புத்லிபாய்க்கு வாக்குக் கொடுத்தார். அங்கே உணவு கிடைக்காமல் பட்டினியாக அலைந்த நாள்களில் அவரைத் தாங்கிப் பிடித்தது அந்த ஒரு முகம். உங்களுக்கும் அப்படிப்பட்ட முகம் ஒன்று இருக்கும். ‘என்ன ஆயிற்று?’ என்று மறக்காமல் கேட்கக்கூடியவரும், தவறினால் கேலி செய்யாதவருமாக அவர் இருக்க வேண்டும்.

கேள்வி: நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தால், எழுந்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லையே? – தொழிற்சாலை ஊழியர், ஓசூர்.

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1921-ன் இறுதியில் வேலூர்ச் சிறைக்குச் சென்றபோது அங்கே நாட்குறிப்பு எழுதினார். சிறை நாள்களின் சிறு சிறு விவரங்களின் வழியாகவே அவருடைய மனநிலை நமக்குத் தெரிகிறது. ஆகவே விவரம் எழுதுவது தவறே இல்லை. ஆனால் ஒன்று செய்து பாருங்கள். எழுந்தது முதல் படுத்தது வரை மனத்தில் ஓட்டும்போது, எந்த நிமிடத்தை எழுதாமல் தாண்டிப் போகத் தோன்றுகிறதோ, அங்கே நின்று அதை மட்டும் ஐந்து வரி எழுதுங்கள். மற்றதை விட்டுவிடலாம்.

கேள்வி: மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு லோடு ஓட்டுகிறேன். வயது 41. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால், மலைக்குப் போய்வரும் வரை ஒரு சொட்டுத் தொடமாட்டேன். அந்த நாள்களில் என் மகள் என்னோடு சிரித்துப் பேசுகிறாள். மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள் மறுபடியும் குடிக்கிறேன். எட்டு வருடமாக இப்படியே. என் பக்தி பொய்யா? – ஓட்டுநர், ஊத்தங்கரை.

பதில்: அன்பரே, உங்கள் பக்தி பொய்யில்லை. எட்டு வருடமும் ஒரு மண்டலத்துக்கு மேல் தொடாமல் இருந்த மனிதருக்கு மன உறுதி இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கழற்றும்போது எதையெல்லாம் சேர்த்துக் கழற்றுகிறீர்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

மாலை கழுத்தில் இருக்கும்போது டீக்கடைக்காரர் முதல் செக்போஸ்ட்காரர் வரை உங்களைச் ‘சாமி’ என்கிறார்கள். விடியலிலும் மாலையிலும் குளிக்கிறீர்கள். வழக்கமாகக் கடைக்குப் போகும் அந்த ஆறு மணிக்குக் கோயிலில் சரணம் சொல்லிக்கொண்டு நிற்கிறீர்கள். கூட்டாளிகள் கூப்பிடுவதில்லை. வீட்டில் உங்களுக்கென்று சுத்தமாகச் சமைக்கிறார்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பதால் சீக்கிரம் தூக்கம் வருகிறது. இத்தனை கைகள் உங்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. தை பிறந்ததும் ஒரே நாளில் அத்தனையும் விலகிவிடுகின்றன. ஆறு மணி மட்டும் அப்படியே வந்து நிற்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த முறை மாலையைக் குருசாமியிடம் கழற்றும் முன்பே, மறுநாள் முதல் எவை தொடரும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாம் தொடராது. மாலைக் குளியலும், ஆறிலிருந்து எட்டு மணிவரை இருக்கப் போகும் இடமும் தொடர்ந்தால் பெரிய விஷயம். அந்த நேரத்தில் மகளை டியூஷனிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை உங்கள் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லோடு கிடைத்து வெளியூர் போகும் நாளில் அதே நேரத்தில் மகளோடு போனில் பேசுங்கள். இந்தக் கார்த்திகை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. ‘ஒரு கிளாஸ் குடித்தாயிற்று, இனி என்ன’ என்று அன்றே முழு பாட்டிலையும் முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். குடியிலிருந்து மீள்வோரைப் பற்றி ஆராய்ந்த ஆலன் மார்லாட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இந்த இடத்தைத்தான் முக்கியமாகச் சுட்டினார். முதல் கிளாஸைவிட, ‘விரதம்தான் போயிற்றே’ என்ற அந்த எண்ணமே பலரை முழுதாக விழவைக்கிறது. வண்டி ஒரு சக்கரம் சாலையை விட்டு இறங்கினால், இறங்கிவிட்டதே என்று பள்ளத்துக்குள் விடமாட்டீர்கள் அல்லவா?

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது முதல் இரண்டு மூன்று நாள்களில் கடுமையான கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அப்படி எப்போதாவது வந்திருந்தால் மருத்துவர் துணையில்லாமல் நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி-மானஸ்) கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். மருந்து வாங்குவது விரதத்துக்குக் குறைவானது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். இரவு படுக்கும் முன் அன்றைய நாளை நினைத்துப் பார்ப்பது நல்லது என்று பெரியவர்கள் சொன்னதால் செய்து வருகிறேன். ஆனால் அன்றைய நாள் வருவதில்லை. 22 வருடத்துக்கு முன், அம்மா இறந்த வாரத்தில் வந்த வரப்புத் தகராறில், ‘அம்மா காரியத்துக்குக்கூட நீ வர வேண்டாம்’ என்று தம்பியிடம் சொன்னதுதான் வருகிறது. தூக்கம் போய்விடுகிறது. அன்று முதல் அவன் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. அகநோக்கு என்பது இதுதானா? – வாசகர், அரூர்.

பதில்: ஐயா, இது அகநோக்கு இல்லை. மாடு அசைபோட்டால் செரிக்கும். மனிதன் அசைபோட்டால் செரிப்பதில்லை. மனத்தைப் பார்க்கிறோமா, வெறுமனே அசைபோடுகிறோமா என்று அறிய நான் வைத்திருக்கும் அடையாளம் இது: பார்த்தபோது நேற்றுத் தெரியாத ஒன்று இன்று தெரிந்தால் பார்த்திருக்கிறோம், அதே வாக்கியம், அதே முகம், அதே சூடு மட்டும் திரும்ப வந்தால் அசைபோட்டிருக்கிறோம்.

‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு’ என்பது 190-ஆம் குறள். தன் குற்றத்தைத் தவறாமல் பார் என்று மட்டுமே இதற்குப் பொருள் கொள்கிறோம். ‘ஏதிலார் குற்றம்போல்’ என்ற சொற்களில் எனக்கு இன்னொன்றும் கேட்கிறது. அயலாரின் குற்றத்தைப் பார்க்கும்போது நாம் தூக்கம் கெட்டுத் துடிப்பதில்லை. சற்றுத் தள்ளி நின்று, ஏன் நடந்தது, எங்கே தொடங்கிற்று, இனி என்ன செய்யலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தெளிவைத் தன் குற்றத்துக்கும் கொடு என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இரவில் படுக்கையில் இதைச் செய்யாதீர்கள். பகலில், வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாள் அந்தச் சண்டையை எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை இப்படித்தான் நான்கு நாள் எழுதச் சொன்னார். மனத்தை வருத்திய நிகழ்ச்சியை உணர்ச்சியோடும் நடந்த விவரத்தோடும் எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதும் நாள்களில் மனம் கனக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். ஒரு நாள் மட்டும் உங்களைப் ‘பெரியவர்’ என்று குறித்து, வேறு யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல எழுதுங்கள். தாயை இழந்த வாரத்தில் ஒருவர் பேசிய பேச்சு அது என்பது அப்போது கண்ணில் படலாம். அதனால் பேச்சு சரியென்று ஆகிவிடாது. ஆனால் அந்த வாரத்தில் உங்கள் தம்பியும் தாயை இழந்திருந்தார்.

நான்கு நாள் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டுத் தீர்த்தமலைப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை முதல்நாளே எழுதிப் பார்த்துவிடுங்கள்: ‘அம்மா காரியத்துக்கு வர வேண்டாம் என்று நான் சொன்னது தப்பு, தம்பி.’ அதோடு ‘ஆனால் நீயும்’ என்று எதையும் சேர்க்க வேண்டாம். வரப்புப் பேச்சு வந்தால் அது இன்று வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் கொடுக்காமல் இருக்கலாம், எழுந்து உள்ளே போய்விடவும் செய்யலாம். அந்த வீட்டில் யார் எதிரில் நின்றாலும், ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.