புதன்ல என்ன கல்லு கெடக்குன்னு இங்க இருந்தே எப்படிக் கண்டுபிடிக்காங்க?

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர்ப் பக்கம் குவாரில கல்ல ஒடைச்சு, ஒடைஞ்ச மொகத்தப் பாத்துதான் இன்ன கல்லுன்னு சொல்லுவாங்க. புதன்ல இருந்து யாரும் ஒரு துண்டுகூட எடுத்துட்டு வரல, அப்பறம் டெலஸ்கோப்ப வெச்சு இன்ன பாறைன்னு எப்படி அடிச்சு சொல்லுதாங்க? – வாசகர், வள்ளியூர்

பதில்: சித்திரை மாசம் ராத்திரி தட்டட்டில பாய் விரிச்சுப் படுத்திருப்பிய தம்பி. வெயில் போயி நாலு மணி நேரம் ஆயிருக்கும், ஆனாலும் தரைக்கு ஒரு சாண் மேல கைய நீட்டுனா அனல் அடிக்கும்லா, அதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு, அதான் இன்ஃப்ராரெட். புதன்ல பகல்ல 430 டிகிரி வரைக்கும் சூடு, அப்போ அந்தக் கல்லு எவ்வளவு இன்ஃப்ராரெட்ட வீசும்னு நெனச்சுக்கோங்க. ஆனா எல்லா அலைநீளத்துலயும் ஒரே மாதிரி வீசாது. பாறைக்குள்ள சிலிக்கானும் ஆக்சிஜனும் கோத்துக்கிட்டு ஆடிக்கிட்டே இருக்கு, அந்த ஆட்டத்தால 8ல இருந்து 12 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலைநீளத்து வாக்குல வெளிச்சம் அங்கங்க பள்ளம் விழுந்து வரும். ஃபெல்ட்ஸ்பார்ங்குத தாதுன்னா ஒரு எடத்துல, ஆலிவின்ங்குத தாதுன்னா இன்னும் நீளமான அலைப் பக்கம் தள்ளி. பள்ளம் எங்கன விழுதுன்னு பாத்து, லேப்ல இருக்க கல்லோட ஒப்பிட்டுப் பாக்காங்க.

கலர வெச்சே சொல்லலாமேன்னு கேப்பிய. திசையன்விளை பக்கம் தேரி மண்ணு செவப்பா இருக்கே, அது இரும்பு செய்யுத வேல. புதன் மேல்மண்ணுல இரும்பு ரொம்பக் கம்மி, அதனால சாதாரண வெளிச்சத்துல பாத்தா சாம்பலாட்டம் சப்புன்னு இருக்கும், ஒண்ணும் புடிபடாது.

தொல்லை என்னன்னா நம்ம காத்துதான். நீராவி பாதிய முழுங்கிரும், மிச்சம் தொறந்திருக்க சன்னல்லயும் சரியா 9.6 மைக்ரான்ல ஓசோன் வந்து குறுக்க நிக்கும், போதாக்குறைக்கு புதன் சூரியன விட்டு 28 டிகிரி கோணத்துக்கு மேல வெலகாது. நீராவிக்குத் தப்பத்தான் ஹவாய்ல 4200 மீட்டர் ஒசர மலைல 3 மீட்டர் கண்ணாடியோட இன்ஃப்ராரெட்டுக்குன்னே ஒரு டெலஸ்கோப் வெச்சிருக்காங்க.

நீங்க சொல்லுத மாதிரி அடிச்செல்லாம் சொல்லிர முடியாது கேட்டியளா. கருப்பட்டி முழுசா இருக்கப்ப கறுப்பு, இடிச்சா வெளுத்துப் போகுதுல்லா, கல்லும் அப்படித்தான், நைசாத் தூளானா ஸ்பெக்ட்ரமே, அதாவது அந்தப் பள்ளம் விழுத வரிசையே மாறிரும், புதன் மேல கெடக்கது பூரா தூளு. போதாததுக்கு நாலஞ்சு தாது ஒண்ணாக் கலந்து வேற கெடக்கும். 2011ல இருந்து 2015 வரைக்கும் மெசஞ்சர்ங்குத நாசா விண்கலம் புதனச் சுத்தி வந்து இரும்பு கம்மி, மெக்னீசியமும் கந்தகமும் ஜாஸ்தின்னு அளந்து குடுத்துச்சு, அது எந்தெந்த தாதுவா இருக்குன்னு பிரிச்சுப் பாக்கதுக்குத்தான் 2018ல கெளம்புன பெப்பிகொலம்போங்குத விண்கலத்துல 7–14 மைக்ரான் பாக்குத மெர்டிஸ்னு ஒரு கருவிய ஏத்தி விட்டிருக்காங்க, அங்க போயிட்டா இந்த ஓசோன் தொல்லையும் கெடையாது.