ஹோங்சுன் உப்பு வணிகர் வீடு: ஒரு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: சீனாவின் ஹுவாங்ஷான் மலைப் பயணத்தில் ஹோங்சுன் கிராமத்துச் செங்ஜி தாங் வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். செதுக்கு வேலைகளைப் படத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கே தொடங்கலாம்?

பதில்: தெருவிலிருந்து பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வெறும் வெள்ளைச் சுவர், எட்டாத உயரத்தில் சின்னச் சன்னல்கள். இந்த வட்டாரத்தின் பழைய பெயர் ஹுய்ஜோவ்; அதன் வணிகர்கள் வருடக்கணக்கில் வெளியூரில் இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் திருடர் பயம். கூரைக்கு மேல் படிப்படியாக எழும் ‘குதிரைத்தலை’ச் சுவர், பக்கத்து வீட்டுத் தீ இங்கே தாவாமல் தடுக்க.

உள்ளே போனதும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். இதை ‘வானக்கிணறு’ என்கிறார்கள். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிவதால் மழைநீர் முழுவதும் முற்றத்திலேயே விழும். தண்ணீர் என்றால் செல்வம். அது வெளியே ஓடிவிடக் கூடாது என்பது வணிகர் நம்பிக்கை. உள்ளே வெளிச்சமும் பெரும்பாலும் இந்த வழியாகவே வருகிறது. அதனால் வெயில் ஏறிய பிறகு போவது நல்லது.

இந்த வீட்டை 1855இல் கட்டியவர் உப்பு வணிகர் வாங் திங்குய். மரத்தூண்கள் மட்டும் 136. அரசு விதிகள் சாதாரணக் குடிமக்களின் கூடத்து அகலத்துக்கும் வண்ணப் பூச்சுக்கும் எல்லை வகுத்திருந்தன. பணம் மரச்செதுக்கில் போய்க் குவிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் நேரத்தில் பாதியை முன்கூடத்துக்குக் கொடுங்கள். உத்தரத்தில் தாங் வம்சப் பேரரசர் சுசோங் அதிகாரிகளுக்கு விருந்தளிக்கும் காட்சி இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் கூட்டம்தான் தெரியும். ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவராகப் பாருங்கள். சதுரங்கம் ஆடுபவர், யாழ் மீட்டுபவர், அடுப்பில் தேநீர் கொதிக்க வைக்கும் பணியாள், சுகமாகக் காது குடைந்துகொள்ளும் ஓர் அதிகாரி! மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியின்போது இந்த வட்டாரத்து வீடுகள் பலவற்றில் செதுக்கு மனிதர்களின் தலைகளைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். இங்கே இத்தனை முகங்கள் முழுதாக நிற்பதைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நடுக்கதவின் மேல், விளக்குத் திருவிழாவில் கூத்தடிக்கும் நூறு குழந்தைகள். ஒரு சின்னத் தொலைநோக்கி கையில் இருந்தால் பெரிய உதவி.

அதே கூடத்தின் பக்கவாசல்களின் மேற்பகுதி, ‘வணிகர்’ என்பதற்கான சீன எழுத்தின் வடிவில் இருக்கிறது. கீழே ஒருவர் கடந்துபோகும்போது அந்த எழுத்து நிறைவாகிறது என்பார்கள். எவ்வளவு பெரிய அதிகாரியும் வணிகத்தின் கீழே நடந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தக் கால மரபுவரிசையில் அறிஞர், உழவர், கைவினைஞர் எல்லோருக்கும் பின்னால்தான் வணிகருக்கு இடம் என்பதை நினைத்துக்கொண்டு அந்த வாசலைக் கடந்து பாருங்கள்.

சின்ன உருவங்களுக்கு ஒலிதான் சாவி. வௌவாலும் நற்பேறும் சீனத்தில் ஒரே ஒலி, ‘ஃபூ’. மானும் அரசு ஊதியமும் ‘லூ’. கூடத்து மேசையின் நடுவில் கடிகாரம், கிழக்கே பூச்சாடி, மேற்கே கண்ணாடி இருக்கும். கடிகார ஒலி, சாடி, கண்ணாடி என்று அடுத்தடுத்துச் சொன்னால் ‘வாழ்நாள் முழுதும் அமைதி’ என்று காதில் விழும்.

நேரம் மிஞ்சினால் முக்கோண வடிவ மீன்குளக் கூடத்தையும் மாஜோங் என்ற கட்டை விளையாட்டு ஆடும் அறையையும் எட்டிப் பாருங்கள். மிஞ்சாவிட்டால் அவற்றை விட்டுவிடலாம், உத்தரத்தை மட்டும் அவசரமாகப் பார்க்க வேண்டாம்.